பங்காளிச் சண்டையும் பேரரசும்

ஐயா,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக வரலாற்றில் இஸ்லாமியப் பேரரசு பகுதி வந்தபோது நோட்டை இரண்டாகப் பிரித்து எழுதினேன். இடது பக்கம் வெற்றிகள்: யர்மூக் 636, எகிப்து 642, ஸ்பெயின் 711, சிந்து 712. வலது பக்கம் உள்சண்டைகள்: நபிகளுக்குப் பின் தலைமை ஏற்ற முதல் நான்கு கலீபாக்களில் மூன்று பேர் கொலை, ஒட்டகப் போர், சிஃப்பீன், கர்பலா, மக்கா முற்றுகை. எழுதி முடித்ததும் குழப்பம்தான் மிச்சம். அதே ஆட்கள், அதே நூறு வருடம். வீட்டுக்குள் இவ்வளவு அடித்துக்கொண்டவர்கள் வெளியே எப்படி அட்லாண்டிக் கரையிலிருந்து சிந்து வரை பிடித்தார்கள்?

நண்பர்களிடம் கேட்டால் ஒருவர் "எல்லாம் வாள்" என்கிறார். இன்னொருவர் "ஈமான் (இறைநம்பிக்கை) இருந்தவரை ஜெயித்தார்கள், அது குறைந்ததும் அடித்துக்கொண்டார்கள்" என்கிறார். இரண்டுமே தேதிகளோடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் ஷியா, சன்னி சண்டைதானா? அப்பாசியர் குடும்பம் 750இல் கவிழ்க்காமல் இருந்திருந்தால், டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமையாக்களின் பேரரசு இன்னும் பரவியிருக்குமா?

கே.,
திருநெல்வேலி

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் இருவரையும்விட உங்கள் நோட்டை நம்பலாம். பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு பக்கத்து ஆண்டுகளையும் கலந்து ஒரே வரிசையாக எழுதிப் பாருங்கள். 656 முதல் 661 வரை முதல் உள்நாட்டுப் போர். அந்த ஐந்து வருடத்தில் எல்லையில் சொல்லும்படியாக எந்த வெற்றியும் கிடையாது. 683 முதல் 692 வரை இரண்டாவது. அப்போது வட ஆப்பிரிக்காவில் பிடித்து வைத்திருந்த கைரவான் நகரம்கூடக் கொஞ்ச காலம் கைவிட்டுப் போனது. 744 முதல் 750 வரை மூன்றாவது. அப்போதும் அப்படித்தான். சண்டை ஓய்ந்ததும் படை மறுபடி கிளம்புகிறது. அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை, மாறி மாறி நடந்தன.

ஏன் மாறி மாறி என்பதுதான் மீதிப் பாதி. வென்றதில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்குதான் படையை வெளியே அனுப்பியது. அதே கணக்குதான் அதை உள்ளேயும் திருப்பியது. இதை விட்டுவிட்டு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

முதல் வெற்றிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். பைசாந்தியமும் (கிழக்கு ரோமப் பேரரசு) சாசானியக் குடும்பம் ஆண்ட ஈரானும் 602 முதல் 628 வரை ஒன்றையொன்று அடித்து ஓய்ந்திருந்தன. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் 630இல் இயேசுவை அறைந்ததாக நம்பப்பட்ட சிலுவையை ஜெருசலேமுக்குத் திரும்பக் கொண்டுவந்து விழா எடுத்தார். ஆறே வருடத்தில் யர்மூக்கில் தோற்று சிரியாவை இழந்தார். இந்தப் பக்கம், நபிகள் நாயகம் 632இல் மறைந்ததும் விலகப் பார்த்த அரபுக் குலங்களை முதல் கலீபா அபூபக்கர் போரிட்டு ஒன்றாக்கினார். அதுவரை ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து கொள்ளையடித்த குலங்களுக்கு இனி தங்களுக்குள் அது கூடாது என்றாகிவிட்டது. நம்பிக்கை இல்லாமல் இது நடந்திருக்காது. இந்த அளவில் உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வது சரி.

முதல் நண்பருக்கு ஒரு ரசீதைக் காட்டலாம். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு இருக்கிறது. தேதி ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643 ஏப்ரல். எகிப்தில் ஹெராக்ளியோபோலிஸ் என்ற ஊரில் அப்துல்லாஹ் பின் ஜாபிர் என்ற தளபதி எழுதிக் கொடுத்தது. கிரேக்கத்திலும் அரபியிலும் இருக்கிறது. அறுப்பதற்கு 50 ஆடும், மேற்கொண்டு 15 ஆடும் பெற்றுக்கொண்டோம், கப்பல் ஆட்களுக்கும் குதிரைப்படைக்கும் கவசம் போட்ட காலாட்படைக்கும் என்று எழுதியிருக்கிறது. கொடுத்தவர்கள் ஊர் நிர்வாகத்திலிருந்த கிறிஸ்தவர்கள். பின்பக்கத்தில் கிரேக்கக் குறிப்பு ஒன்று: இந்த ஆடுகள் வரவிருக்கும் வரியில் முன்பணமாகக் கழிக்கப்படும். பைசாந்தியப் படை அலெக்சாந்திரியாவைவிட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆட்டுக்கு ரசீது, ரசீதுக்கு வரிக்கழிவு! பழைய எழுத்தர்கள், பழைய வரிக்கணக்கு எல்லாம் அப்படியே இருக்க, வசூல் போய்ச் சேரும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. வாள் நாட்டைப் பிடித்தது உண்மைதான். நாட்டைக் கையில் வைத்திருந்தது இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய பேரேடு இருந்தது, இரண்டாம் கலீபா உமர் திறந்த திவான், வீரர்களின் பெயரும் சம்பளமும் எழுதியது. இராக்கின் ஸவாத் சமவெளி கைக்கு வந்ததும், நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுங்கள் என்று வீரர்கள் கேட்டார்கள். போரில் கிடைத்த பொருளில் ஐந்தில் ஒன்று தலைமைக்கு, மீதி வீரர்களுக்கு என்பது வழக்கம். உமர் அதை நிலத்துக்குப் பொருத்த மறுத்துவிட்டார். உழுகிறவன் உழட்டும், வரி கட்டட்டும், அந்த வரியிலிருந்து வீரர்களுக்கு ஆண்டுதோறும் பணம் வரும். வீரர்கள் கிராமங்களுக்குள் கலந்து குடியேறாமல் தங்களுக்கென்று கட்டிய படைநகரங்களில் இருக்க வேண்டும். இராக்கில் பஸ்ரா, கூஃபா, எகிப்தில் ஃபுஸ்தாத் எல்லாம் அப்படி வந்த ஊர்கள்.

யாருக்கு எவ்வளவு என்பது, அவர் எப்போது இஸ்லாத்துக்கு வந்தார், எந்தப் போரில் நின்றார் என்பதைப் பொறுத்தது. அரபு வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்குப்படி நபிகளின் முதல் பெரும் போரான பத்ரில் நின்றவருக்கு வருடத்துக்கு 5,000 திர்ஹம் (வெள்ளி நாணயம்). நபிகளின் மனைவி ஆயிஷாவுக்கு 12,000. எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தவனுக்கு 200, 300. சுத்தமான சீனியாரிட்டி.

அன்றைக்கு இது கெட்டிக்கார ஏற்பாடு. லட்சக்கணக்கான விவசாயிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டு, ஆயுதம் வைத்திருந்தவர்களை ஓரிடத்தில் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தது. ஆனால் புதிதாக வருகிறவனுக்குக் கொடுக்க வேண்டுமானால் எல்லை தள்ளிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் போக மிச்சமிருக்கும் வரி யாருடையது என்பதும் தீராமல் நின்றது. நாங்கள் பிடித்த நாடு, பணம் இங்கேயே இருக்கட்டும் என்றது கூஃபா. மதீனாவுக்கு வர வேண்டும் என்றது மதீனா.

மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்தில்தான் இது முற்றியது. (உமரைக் கொன்றவர் ஒரு பாரசீக அடிமை, 644இல். உங்கள் வலது பக்கத்தில் அது சேராது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அந்த ஆளின் மனக்குறையும் தன் கூலியிலிருந்து எஜமானன் பிடித்துக்கொள்ளும் தொகை அதிகம் என்பதுதான் என்று சொல்லப்படுகிறது.) உஸ்மான் முக்கியமான மாகாணங்களுக்குத் தன் உறவினர்களை ஆளுநராக்கினார். எகிப்தை வென்ற அம்ரு பின் அல்ஆஸை நீக்கி, தன் பால்குடிச் சகோதரர் அப்துல்லாஹ் பின் சஅதை வைத்தார். அவர் அதிக வரி வசூலித்து அனுப்பினார். "நீர் போனபிறகு அந்த ஒட்டகம் கூடுதலாகப் பால் கறக்கிறது, பார்த்தீரா?" என்று அம்ருவிடம் கேட்டாராம் உஸ்மான். "ஆமாம், கன்றுகள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன" என்றாராம் அம்ரு. கதையாகவே இருக்கட்டும். ஃபுஸ்தாதில் ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இதில் தெரிகிறது.

கூஃபாவில் இன்னும் மோசம். அங்கிருந்த ஆளுநர் சயீத் பின் அல்ஆஸ், ஸவாத் சமவெளி குறைஷிகளின் (நபிகளும் உஸ்மானும் பிறந்த மக்காக் குலம்) தோட்டம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதே சமவெளிக்காக ஈரானியரோடு மோதிய காதிசிய்யாப் போரில் ரத்தம் சிந்தியவர்கள். 655இல் அவரை ஊருக்குள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் எகிப்திலிருந்தும் இராக்கிலிருந்தும் ஆட்கள் மதீனாவுக்கு வந்து உஸ்மானின் வீட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வாரக்கணக்கில் முற்றுகை. கடைசியில் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். வந்தவர்கள் அந்நியர்கள் இல்லை, திவானில் பெயர் உள்ளவர்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம். ரத்த உறவிலும் அது பங்காளிச் சண்டைதான். அப்து மனாஃப் என்பவருக்கு ஹாஷிம், அப்து ஷம்ஸ் என்று பிள்ளைகள். ஹாஷிமின் வழியில் நபிகள், அவர் மருமகன் அலி, பின்னால் வந்த அப்பாசியர். அப்து ஷம்ஸின் மகன் உமையாவின் வழியில் உஸ்மான், முஆவியா, டமாஸ்கஸில் ஆண்ட உமையாக்கள். நாலைந்து தலைமுறைக்கு முன் ஒரே வீடு. ஆனால் நம் ஊரில்போலவே இங்கும் பங்காளிகள் தனியாக அடித்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஓர் ஊர் பின்னால் நின்றது. உஸ்மானுக்குப் பின் நான்காம் கலீபாவான அலியின் பின்னால் கூஃபா, அவரை ஏற்காத முஆவியாவின் பின்னால் சிரியா.

சிரியா வேறு மாதிரியான இடம். முஆவியா ஏறக்குறைய இருபது வருடமாக அங்கே ஆளுநர். அந்தப் பக்கத்து அரபுக் குலங்கள் வெகுகாலமாக அங்கேயே இருந்தவை. அவற்றில் பெரியதான கல்ப் குலத்தில் முஆவியா பெண் எடுத்திருந்தார். கூஃபா மாதிரி அங்கே புதிதாக வருகிறவர்கள் குவியவில்லை, பழைய சீனியர்களும் அதிகமில்லை. சொன்னால் கேட்கும் படை. 657இல் சிஃப்பீனில் முடிவு கிடைக்காமல் பேச்சுவார்த்தைக்குப் போனதும், அலியின் படையிலிருந்தே ஒரு கூட்டம் "தீர்ப்பு இறைவனுக்கே" என்று சொல்லிப் பிரிந்தது. அவர்கள்தான் காரிஜிகள். 661இல் அலியைக் கொன்றதும் அவர்களில் ஒருவர்தான், அதோடு ஆட்சி முஆவியாவிடம் போனது. தன் பங்காளியோடு சண்டை போட வசதியாக, முஆவியா பைசாந்தியப் பேரரசருக்குக் கப்பம் கட்டி அந்தப் பக்கத்தை அமைதியாக வைத்திருந்தார். முப்பது வருடம் கழித்து உமையாக் கலீபா அப்துல் மலிக்கும் இதையேதான் செய்தார், மக்காவில் தனிக் கலீபாவாக இருந்த அப்துல்லாஹ் பின் சுபைரை ஒழிக்கும்வரை. உங்கள் நோட்டில் இந்தக் கப்பத்தை இரண்டு பத்திக்கும் நடுவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கர்பலாவைப் பற்றி ஓரிரு வரி. 680இல் அலியின் மகன் ஹுசைனைக் கடிதம் எழுதி அழைத்தது கூஃபா. சிரியாவின் ஆட்சி தங்கள் தலைமேல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் வந்தபோது ஆளுநரின் மிரட்டலுக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள், ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். அந்தக் குற்றவுணர்விலிருந்துதான் ஷியா மரபின் துக்கம் வளர்ந்தது. தஞ்சைப் பக்கத்துச் சில கிராமங்களில் இந்துக்கள்கூட மொஹரத்தை அல்லா பண்டிகை என்று எடுக்கிறார்கள், அவ்வளவு தூரம் வந்த துக்கம் அது. ஆனால் 680இல் ஷியா, சன்னி என்று இன்றைய பொருளில் இரண்டு பிரிவுகள் கிடையாது. யார் தலைவர் என்பதில் கட்சிகள் இருந்தன, அவ்வளவுதான். தனித்தனிச் சட்டம், தனித்தனி நூல்கள் என்று அவை இறுகியது பின்வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லும் ஒரு சம்பவம். இதைப் பாடப் புத்தகங்கள் ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்குப் புரிவதே இல்லை. 699 வாக்கில் இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், கூஃபா, பஸ்ரா வீரர்களைத் திரட்டி இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் ஒரு பெரும்படை அனுப்பினார். மயில்படை என்றே அதற்குப் பெயர், உடையும் ஆயுதமும் அவ்வளவு பகட்டு. தலைவர் இப்னுல் அஷ்அத், கூஃபாவின் பெரிய குடும்பத்துக்காரர். அவர் மலைநாட்டில் கொஞ்சம் முன்னேறி, மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். உடனே முன்னேறு, முடியும்வரை திரும்பாதே என்று ஹஜ்ஜாஜ் பதில் போட்டார். வீரர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. குளிரில் கிடந்து சாக நாம், ஊரில் வரியைத் தின்ன சிரியாக்காரன். படை அப்படியே திரும்பி இராக்கை நோக்கி நடந்தது. 701இல் தைருல் ஜமாஜிமில் சிரியப் படை அவர்களை முறியடித்தது. கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் நடுவில் வாசித் என்று ஒரு புது நகரம் கட்டி அதில் சிரியர்களைக் குடிவைத்தார் ஹஜ்ஜாஜ். பேரரசை வென்ற ஊர்கள் அத்தோடு படை என்ற அந்தஸ்தை இழந்தன. வெற்றிக்குக் கிளம்பிய படையே கலகப் படையாகத் திரும்பி வந்த கதை இது. இதை இடது பத்தியில் எழுதுவீர்களா, வலது பத்தியிலா?

பத்து வருடம் கழித்து எல்லாம் இடது பத்தி. 711இல் தாரிக் ஸ்பெயினுக்குள் கடக்கிறார். அடுத்த வருடம் ஹஜ்ஜாஜின் உறவினரான இளைஞர் முகம்மது பின் காசிம் சிந்துவின் ராஜா தாஹிரை வெல்கிறார். மத்திய ஆசியாவில் குதைபா பின் முஸ்லிம் சமர்கந்தைத் தாண்டிப் போகிறார். 715இல் கலீபா வலீத் இறந்து தம்பி சுலைமான் பட்டத்துக்கு வந்தார். தம்பியை ஒதுக்கிவிட்டுத் தன் மகனுக்குப் பட்டம் கட்ட வலீத் பார்த்தபோது ஹஜ்ஜாஜ் அதை ஆதரித்திருந்தார். ஹஜ்ஜாஜ் முந்தின வருடமே செத்துப்போனதால் சுலைமானின் கோபம் அவருடைய ஆட்கள்மேல் விழுந்தது. முகம்மது பின் காசிமைத் திருப்பி அழைத்து வாசித் சிறையில் சித்திரவதை செய்து கொன்றார்கள். (தாஹிரின் பெண்கள் சூழ்ச்சி செய்து அவரைக் கொல்லவைத்ததாகச் சொல்லப்படும் கதை நூற்றாண்டுகள் கழித்து வந்த பாரசீக நூலில் இருப்பது, நம்ப வேண்டாம்.) குதைபா தன் தலை தப்பாது என்று கலகம் செய்யப் பார்த்தார். சொந்த வீரர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள். தாரிக்கின் மேலதிகாரியாக ஸ்பெயினை வென்ற மூஸா பின் நுஸைர் அவமானப்பட்டு மூலைக்குப் போனார். மூன்று திசையில் வென்ற மூன்று பேர், ஒரே ஆட்சி மாற்றத்தில் காலி.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அப்பாசியர் வருவதற்கு முன்பே பரவுவது நின்றுவிட்டது. 717, 718இல் கான்ஸ்டான்டினோபிள் முற்றுகை தோற்றது. அதைவிடப் பெரிய அடி வட ஆப்பிரிக்காவில். ஸ்பெயினுக்குள் தாரிக்கோடு போனவர்களில் பெரும்பாலோர் பெர்பர்கள், முஸ்லிம்கள். ஆனாலும் அவர்களை வென்ற நாட்டுக் குடிகளாகவே நடத்தி, வரிக்குப் பதிலாகப் பிள்ளைகளைக்கூட அடிமையாக எடுத்தார்கள். அவர்களின் தூதுக்குழு டமாஸ்கஸ்வரை போய்க் கலீபா ஹிஷாமைப் பார்க்க முடியாமல் திரும்பியதாகச் சொல்கிறார்கள். 740இல் எழுந்தார்கள். எந்தக் குலத்தவனானாலும் தகுதியுள்ள முஸ்லிம் தலைவனாகலாம் என்ற காரிஜிகளின் வாதம் அவர்களுக்கு நன்றாகவே பொருந்தியது. அடக்கப் போன சிரியப் படை அடுத்த வருடம் அங்கே நொறுங்கியது. பேரரசைக் கட்டி வைத்திருந்ததே அந்தப் படைதான்.

கிழக்கே, ஈரானின் வடகிழக்குப் பக்கமான குராசானில் நிலைமை இதன் மறுபக்கம். அங்கே 20,000 புது முஸ்லிம்கள் சம்பளமும் இல்லாமல் படியும் இல்லாமல் போரிடுகிறார்கள், மதம் மாறியவர்களிடமே முஸ்லிம் அல்லாதோருக்கான ஜிஸ்யா வரியை வாங்குகிறார்கள் என்று உமையாக் கலீபா இரண்டாம் உமரிடம் (திவான் திறந்த உமர் அல்ல, 717இல் பட்டத்துக்கு வந்தவர்) முறையீடு போனதாக அரபு வரலாறுகள் சொல்கின்றன. ஆட்சிக்கு வருமானம் குறையக் கூடாது, அதனால் மதம் மாறியவனுக்கு வரி குறையக் கூடாது! (வாளால் மதம் மாற்றினார்கள் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஹஜ்ஜாஜ் மதம் மாறி நகரத்துக்கு வந்த விவசாயிகளைப் பிடித்துக் கிராமத்துக்கே திருப்பி அனுப்பினார்.) இரண்டாம் உமர் சரிசெய்யப் பார்த்தார், மூன்று வருடத்துக்குள் இறந்துபோனார். 747இல் அப்பாசியர் பக்கத்துத் தலைவர் அபூ முஸ்லிம் குராசானின் மெர்வ் நகருக்கு அருகே கறுப்புக் கொடி ஏற்றியபோது இவர்களில் பலர் அதன்கீழ் வந்தார்கள். நெடுநாள் முன்பே அங்கு குடியேறிப் பாரசீகம் பேசப் பழகிவிட்ட அரபுகளும் வந்தார்கள். அபூ முஸ்லிம் செய்த முதல் வேலைகளில் ஒன்று புதுப் பேரேடு திறந்தது. அதில் குலத்தின் பெயரை எழுதவில்லை, தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதினார். என்னைக் கேட்டால் அப்பாசியப் புரட்சி அங்கே நடந்து முடிந்துவிட்டது. 750இல் ஸாப் ஆற்றங்கரையில் உமையாக்கள் தோற்ற போர் அதை ஊருக்கு அறிவித்தது, அவ்வளவுதான். நபிகளின் குடும்பத்தில் எல்லோரும் ஏற்கும் ஒருவருக்காக என்றுதான் கோஷம், பெயர் சொல்லவில்லை. அலியின் வாரிசு ஒருவர் வருவார் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். அபூ முஸ்லிமையும் ஐந்து வருடத்தில் அவர் ஏற்றிவைத்த குடும்பமே கொன்றது. தப்பிய ஓர் உமையா இளவரசர் 756இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் தனி ஆட்சி அமைத்தார். அதன்பிறகு முழுப் பேரரசும் ஒரு கையில் இருந்ததே இல்லை.

எல்லாம் ஷியா, சன்னி சண்டைதானா என்று கேட்டிருந்தீர்கள். 945இல் நடந்ததைப் பாருங்கள். ஈரானிலிருந்து வந்த புவைஹிகள் பாக்தாதைப் பிடித்தார்கள். அவர்கள் ஷியாக்கள். அப்பாசியக் கலீபாவோ சன்னி உலகின் தலைவர். ஒருவரை நீக்கி இன்னொரு அப்பாசியரை உட்காரவைத்தார்களே தவிர, அந்தப் பதவியில் கைவைக்கவில்லை. அலியின் வழியில் ஒருவரைக் கலீபாவாக்கினால் அவர் சொல்லுக்குத் தாங்களே கட்டுப்பட வேண்டியிருக்கும், நம்பாத கலீபா என்றால் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். வரியும் படையும் தங்கள் கையில் வந்தபிறகு, தொழுகையில் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.